மரம் அறுக்குமுன் தூங்கிப் பார்த்த கட்டில்

நண்பர்களே, இன்று காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் என் கட்டிலில் ஒருவர் குறட்டை விட்டுத் தூங்கினார். கட்டில் இன்னும் செய்யவே இல்லை.

தலைதீபாவளிக்கு வரும் என் மாப்பிள்ளைக்குக் கட்டில் செய்ய, இருப்பதே ஒரு தேக்குமரம். ஊருக்குப் போனதும் அதை அறுத்துவிடுவதாக, பஸ்ஸுக்கு நின்ற தளவானூர் ஆசாரி சொன்னார். அளவு சொன்னேன்.

"வாயால சொன்னா ஏறாதுங்க. வரைஞ்சி காட்டுங்க."

சாக்கட்டி வாங்கி, சிமெண்டுத் தரையில் நிஜக் கட்டில் அளவுக்கே கோடு போட்டேன். நம் செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்களும் இப்படித்தான் தொடங்கியிருப்பார்கள். வேடிக்கை பார்க்க இருநூறு பேர் கூடிவிட்டார்கள்.

நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள், பனமலை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு நெட்டை ஆள் கோட்டுக்குள் படுத்துத் தூங்கிவிட்டார். பாதம் இரண்டும் கோட்டுக்கு வெளியே கிடந்தன.

"உங்க மாப்ள இவர விட குள்ளமா?" என்றார் ஆசாரி.

"ஒரு சாண் ஒசரம்பா."

"அப்ப கால எங்க வெப்பாரு? மரத்த அறுத்திருந்தா இன்னா ஆவறது?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மரம் பிழைத்தது. உடனே கால்பக்கக் கோட்டை அழித்துக் கட்டிலை நீட்டினேன். தரையைத் தேய்த்த சத்தத்தில் அந்த ஆள் விழித்துக்கொண்டார்.

"இன்னாய்யா, காலாண்ட கிறுக்கினு கீற?"

"கட்டிலுங்க. படுக்க எப்டி இருந்துச்சி?"

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தலகாணிக்கு எடம் பத்தல."

அதற்கும் அரைச் சாண் கூட்டினேன்.

இப்படி ஆளே படுத்து அளவு பார்த்த கட்டில் உங்கள் ஊரில் உண்டா? இருந்தால் எழுதுங்கள். நான் நம்பமாட்டேன்.