பெரிய கைகள் வைத்திருந்த பங்கு

சுரங்கத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கே என் மச்சானிடம் சொல்லியிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது. சொல்லவில்லை. அந்த நாட்களில் எனக்கு வாய் நீளம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் சிவாஜிநகர் பக்கத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்தேன். எங்கள் முதலாளிக்கு ஏகப்பட்ட கம்பெனிகளில் பங்குகள். தபாலில் வரும் ஆண்டறிக்கைகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பைக்கூடையில் போடுவார். நான் அவற்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோவேன். வழவழப்பான தாள், கலர் படங்கள். இரண்டு வருஷம் அவற்றைப் புரட்டியதில் நானும் ஒரு நிபுணன் என்ற நினைப்பு வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் என் மேஜையைச் சுற்றி நின்று, "சார், இப்ப எது வாங்கலாம்?" என்று கேட்பார்கள். கேட்கக் கேட்கத் தலைக்கு ஏறிவிட்டது.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு சூத்திரம். பங்கு யார் கையில் இருக்கிறது என்று பார். நிதி நிறுவனங்கள், இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் என்று பெரிய கைகள் நிறைய வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. அவர்களிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள், நேரில் போய்ப் பார்ப்பார்கள், கணக்கைத் துருவுவார்கள். நாம் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? அதுவும் சுரங்கக் கம்பெனி என்றால், பூமிக்கடியில் இருப்பதை நீயும் நானும் எங்கே போய்ப் பார்ப்பது? இதைப் பிரசங்கம் மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஹோசூர் ரோட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். பொம்மனஹள்ளியில் சின்னதாக ஒரு சைட், அதாவது மனை வாங்கி, நாலு சுவர் எழுப்பி, மேலே சிமெண்ட் ஷீட் போட்டுக் குடியிருந்தார். மழை பிடித்தால் அந்த வீட்டுக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஷீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, பஜ்ஜியைத் தின்றுவிட்டு, பதில் சொல்லாமலே போய்விட்டார்கள். அதிலிருந்து, "எப்படியாச்சும் மோல்டிங் போட்டுடணும் மாப்ள" என்பதுதான் அவர் பேச்சு. கான்கிரீட் கூரைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். தொழிற்சாலையில் விஆர்எஸ் என்று விருப்ப ஓய்வு அறிவித்தபோது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்த பணம் மோல்டிங்குக்குக் கொஞ்சம் துண்டு விழுந்தது. அதை ஒரு வருஷத்தில் வளர்த்துக் கொடுக்க வழி உண்டா என்று என்னிடம் வந்தார்.

நான் ஒரு மாங்கனீசு சுரங்கக் கம்பெனியின் அறிக்கையை எடுத்து அவர் மடியில் விரித்தேன். கலரில் ஒரு வட்டப் படம். யார் யாரிடம் எவ்வளவு பங்கு என்று துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். அதில் பெரிய துண்டு நிதி நிறுவனங்களுடையது. "பாத்தீங்களா மச்சான்? சும்மா இருப்பாங்களா இவங்கல்லாம்?" என்றேன்.

அவர் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். அப்பா, சித்தப்பா எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கோச்சுக்காதீங்க மாப்ள. மண்ணுக்குள்ள இன்னும் எவ்ளோ சரக்கு இருக்குன்னு இதுல எழுதியிருக்கா? லீசு எத்தன வருஷத்துக்கு? எங்க ஊர்ல மொதல்ல அதத்தான் கேப்பாங்க."

நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "அதெல்லாம் பாக்காமயா மச்சான் இவங்க இவ்ளோ வெச்சிருப்பாங்க? நீங்க லேத் பாத்த ஆளு. இதுலல்லாம் தலைய விடாதீங்க" என்றேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அவர் முகம் ஒரு நிமிஷம் சுண்டிப்போயிற்று. பிறகு கேட்டார்: "நீங்க வாங்கறீங்களா?"

"பின்ன? வாங்காமயா?"

"அப்ப ஆய்த்து. அந்தப் பெரிய ஆளுங்கள எனக்குத் தெரியாது. உங்களத் தெரியும்."

முக்கால்வாசிப் பணத்தை அதில் போட்டார். நானும் என் பங்குக்குக் கொஞ்சம் வாங்கினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, வேறு வேலையாகப் புரோக்கர் ஆபீசுக்குப் போனபோது, கவுன்டரில் இருந்தவரிடம் அந்தக் கம்பெனியைப் பற்றிப் பெருமையடித்தேன். இருபது வருஷம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த ஆள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அரே சார், அந்தப் பெரிய ஆளுங்க அத வாங்கினாங்களா, இல்ல மாட்டினாங்களா?"

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். அந்த நிறுவனங்கள் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவை. வட்டிகூடக் கட்ட முடியாமல் போனபோது, பாக்கிக்குப் பதிலாகப் பங்கை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிடித்து வாங்கியதல்ல, வேறு வழியில்லாமல் தலையில் விழுந்தது. "எப்படா வெளிய போலாம்னு பாத்துட்டிருக்காங்க சார். அவ்ளோத்தையும் மொத்தமா எடுக்க ஆள் இல்ல."

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய அறிக்கையை எடுத்தேன். வட்டப் படத்திலிருந்து இருபது பக்கம் தள்ளி, பங்கு மூலதனத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி. அவர் சொன்னது அப்படியே இருந்தது. இன்னும் நாலு பக்கம் புரட்டினேன். குத்தகை அடுத்த வருஷம் முடிகிறது, புதுப்பிக்க மனு போட்டிருக்கிறோம் என்று இருந்தது. மச்சான் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் மடியிலேயே இருந்திருக்கிறது. கலர் பக்கத்தை மட்டும் படித்த மடையன் நான்.

இது வரைக்கும் முட்டாள்தனம். இதற்காக யாரும் தூக்கில் போட மாட்டார்கள். அந்த வாரம் விலை நாங்கள் வாங்கியதைவிட ஒரு ரூபாய் கூடவே இருந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் முழுப் பணமும் திரும்பியிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் காலை புரோக்கரிடம் போய் என்னுடையதை மட்டும் விற்றேன்.

விற்றதை மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணனுக்குச் சொன்னீங்களா?"

"ஞாயித்துக்கிழம வராரில்ல, சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் குடும்பத்தோடு வந்தார், கையில் சிவாஜிநகரில் வாங்கிய மட்டன். மேஸ்திரியிடம் பேசிவிட்டாராம், தை மாதம் மோல்டிங்காம். "எல்லாம் மாப்ள புண்ணியம்" என்று பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் சொன்னார். படிக்காமல் சொல்லிவிட்டேன் என்று அந்தக் கூட்டத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு நாக்கு வரவில்லை. அடுத்த வாரம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் விலை இறங்கத் தொடங்கியிருந்தது. இனிச் சொன்னால், போன வாரமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே. வாரத்துக்கு வாரம் விலை இறங்க, சொல்வது அதைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. மனைவி என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். தானே போய் அண்ணனிடம் சொல்லாமல் இருந்ததும் என் மானத்தைக் காப்பாற்றத்தான் என்று எனக்குத் தெரியும்.

குத்தகை புதுப்பிக்கப்படவில்லை. வெட்டுவது நின்றது. கொஞ்ச நாளில் சந்தையில் அந்தப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள். மச்சான் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.

சேர்ந்த வாரமே, காக்கிச் சட்டையோடு, டூட்டி முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும், அந்த வேகத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல் தங்கையைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அவர ஒண்ணும் கேட்டுடாதம்மா. பாவம், அவருக்கும்தான போச்சு. நான் இன்னும் நாலு வருஷம் நின்னு சம்பாரிச்சிப்பேன். அவரு மனசுலயே வெச்சிக்குற ஆளு."

மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். ‘நான் அப்பவே வித்துட்டேன் மச்சான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"என்ன மச்சான் பண்றது, நம்ம நேரம்" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க மாப்ள, உசுரா போச்சு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையை ஆட்டி அதையும் வாங்கிக்கொண்டேன்.