முன்பக்கம் காலி

மாலை நான்கு மணி பத்து நிமிடம். வெள்ளகோவிலைத் தாண்டிக் காங்கயம் சாலையில் கொஞ்ச தூரம் வந்திருந்தோம். இருட்டுவதற்குள் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிடுவோமா என்று பார்க்கத்தான் கைக்கடிகாரத்தைத் திருப்பினேன். பார்த்து நிமிர்ந்ததும் வண்டி தானாக வலப்பக்கம் ஒரு முழம் நகர்ந்தது.

ஓட்டியது என் மகள். அவள் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வண்டியில் ஏறிய நேரமெல்லாம் அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அம்மா, நீ எதையாச்சும் புடிச்சு இழுத்தியா?"

"நான் எதடீ இழுக்கறது? என் கை ரெண்டும் மடியில இருக்குது."

எப்போதும் சிரிப்பவள் சிரிக்கவில்லை. வேகத்தைக் குறைத்தாள். வண்டி மறுபடி ஒழுங்காகப் போனது. "ரோட்டுல ஒட்டுப் போட்டிருக்காங்க, அதுதான்" என்றாள். அதை அவளே நம்பவில்லை என்று குரலில் தெரிந்தது.

அது கடையில் வாங்கிய வண்டி அல்ல. தொண்ணூறுகளின் நடுவில் அவள் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தாள். என் கணவருக்குக் கோயம்புத்தூர் கணபதியில் பம்பு செட் பட்டறை. அதன் பின்கொட்டகையில், கல்லூரி விட்டு வந்த மாலைகளில், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அவளே கட்டினாள். இரும்புக் குழாய்ச் சட்டம், ஃபைபர் உடம்பு, எங்கோ விபத்தில் நொறுங்கிய ஒரு சின்னக் காரின் இன்ஜின். அதற்கு நம்பர் வாங்க அவள் அப்பா அலைந்த கதை தனி.

எனக்கு முதல் நாளிலிருந்தே அந்த வண்டியைக் கண்டால் பயம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் காலை நீட்டி உட்கார வேண்டும். காந்திபுரத்தில் டவுன் பஸ் பக்கத்தில் வந்து நின்றால் அதன் ஜன்னல் தெரியாது, சக்கரம்தான் தெரியும். அவள் இதில் தனியாகப் போகும் நாட்களில் நான் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருப்பேன். வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் நாத்தனார், என் கணவரின் அக்காள், மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, "அத்தைகிட்ட வண்டியைக் காட்டணும்" என்று இவள் குதித்தாள். தனியாக அனுப்ப மனம் வரவில்லை. நானும் வருகிறேன் என்றேன்.

முந்தின நாள் என் பயத்தைப் போக்குகிறேன் என்று கொட்டகைக்குக் கூட்டிப்போனாள்.

"அம்மா, உன் வெயிட் எவ்வளவு?"

"எதுக்கு?"

"பொய் சொல்லாமச் சொல்லு. உனக்குப் பதிலா மண்ணு மூட்டை உக்காரப் போகுது."

இரண்டு இருக்கையிலும் எங்கள் கனத்துக்கு மணல் மூட்டைகளை வைத்தாள். மில்லிலிருந்து வரும் கோன் நூலை எடுத்து, வண்டியின் இரு பக்கமும் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை விறைப்பாகக் கட்டினாள். நூலுக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே எவ்வளவு சந்து என்று, சக்கரத்தின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தாள்.

"மனுசன் நிக்கற மாதிரிதாம்மா. ரெண்டு பாதமும் துளி உள்ள பாத்து நின்னா வண்டி நேரா, அடங்கிப் போகும். வெளிய பாத்து நின்னா ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ரேஸ் ஓட்டறவங்க வேணும்னே துளி வெளிய வைப்பாங்க, வளைவுல டக்குனு திரும்பறதுக்கு. உனக்காக நான் உள்ள வெச்சிருக்கேன்."

"மண்ணு மூட்டை எதுக்கு?"

"இந்த வண்டியில ஒரு குறை இருக்குது. முன்பக்கம் அமுங்குனா, சக்கரத்தைத் திருப்பற கம்பி பாதத்தை வெளிய தள்ளிருது. கம்பியோட நீளம் தப்பாப் போச்சு. அடுத்த மாசம் மாத்திருவேன். இப்ப நம்ம ரெண்டு பேரு கனத்துக்குச் சரியா வெச்சாச்சு. போதுமா?"

போதும் என்றேன். காலையில் போகும்போது வண்டி உண்மையாகவே நூல் பிடித்த மாதிரிதான் போனது. பல்லடம் தாண்டியதும் நான் கைப்பிடியை விட்டுவிட்டு வெளியே வேடிக்கைகூடப் பார்த்தேன்.

நாத்தனார் வாசலில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏங்கண்ணு, வண்டியா இது? தவக்களை உக்காந்தாப்பல இருக்குது. இஞ்சின் எங்க?"

"பின்னாடிங்க அத்தை."

"அப்ப முன்னாடி?"

"ஒண்ணுமில்லீங்க. காலிதான்."

"காலியாவா உட்டு வெச்சிருக்கற?" என்று அவள் ஆச்சரியப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு வீட்டில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டால் எப்படி முகம் போகுமோ அப்படிப் போனது.

சாப்பிட்டோம். அவளிடம் போதும் என்ற சொல் செல்லாது. கிளம்பும்போது வழக்கம்போலத் தேங்காய்ப் பேச்சு எடுத்தாள். "வேண்டாங்க அக்கா, இந்த வண்டியில வெக்க எடமில்லீங்க" என்றேன். "செரி, ஆகட்டும்" என்றாள். அத்தனை சுலபமாக விட்டுவிட்டாளே என்றுகூட நினைத்தேன். பிறகு எங்கள் இருவரையும் கட்டாயமாகப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், புதிதாக ஈன்ற மாட்டையும் கன்றையும் காட்டினாள். கன்றின் காதைத் தடவிக்கொண்டு என் மகள் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

தோட்டத்து மண் பாதையில் வரும்போது, "ஸ்டியரிங் கனமா இருக்குதும்மா" என்றாள். "நீ மூணாந்தடவை சோறு வாங்குன பாரு, அதான்" என்று என்னைச் சீண்டினாள். இருவரும் சிரித்தோம்.

நான்கு பத்துக்கு அந்தச் சிரிப்பு போயிற்று.

முதல் நகர்வுக்குப் பிறகு கொஞ்ச தூரம் மெதுவாக வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. எதிர்வெயில் கண்ணில் அடித்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததால் மறுபடி வேகம் கூட்டினாள். எதிரே ஒரு பஸ் வந்தது. அது எங்களை நெருங்கும் நேரத்தில் எங்கள் வலது முன்சக்கரம் தாரில் ஒட்டுப்போட்ட மேட்டில் ஏறி இறங்கியது. வண்டி அப்படியே வலப்பக்கம் பாய்ந்தது. பஸ்ஸை நோக்கி, யாரோ உள்ளே உட்கார்ந்து இழுத்த மாதிரி.

நான் கத்தினேனா என்று தெரியாது. இல்லாத பிரேக்கை என் கால் தரையில் தேடி மிதித்தது தெரியும். அவள் முழு உடம்பாலும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினாள். பஸ்ஸின் முன்சக்கரம் என் மகளின் தலைக்கு நேராக, கை நீட்டினால் தொடும் தூரத்தில் உருண்டு போனது. அந்தச் சக்கரத்தில் இருந்த நட்டுகளைப் பார்த்தேன். இன்றைக்கும் எந்த பஸ் பக்கத்தில் வந்தாலும் என் கண் அந்த நட்டுகளுக்குத்தான் போகிறது.

தப்பித்தோம் என்று நினைக்கும்போது இடது சக்கரம் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கியது. இப்போது வண்டி இடப்பக்கம் ஓடியது. அவள் திருப்பத் திருப்ப அது கேட்கவில்லை. மேய்ச்சல் காட்டைச் சுற்றி உயிர்வேலியாக வளர்ந்திருந்த கிளுவைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. கிளைகள் வளைந்து கொடுத்தன. கண்ணாடிகூட உடையவில்லை.

லாரி நிற்காமல் போனது. தூசி அடங்கியது. காட்டுக்குள் ஆட்டு மணி ஒன்று அதன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகலியேம்மா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு இறங்கி, மண்ணில் படுத்து, வண்டிக்கு அடியில் பார்த்தாள். ஸ்டியரிங் கம்பி உடைந்திருக்கும், நட்டு கழன்றிருக்கும் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். ஏதாவது உடைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"எல்லாம் டைட்டாத்தான் இருக்குது."

"வண்டி கெடக்கட்டும் கண்ணு. பஸ் ஏறிப் போயிரலாம். அப்பா வந்து எடுத்துக்குவாரு."

"அப்பா எடுத்து ஓட்டுனா அப்பாவையும் கொண்டு போய் பஸ்ஸுல உடாதா? எதனாலனு தெரியாம இதை யாரும் ஓட்டக் கூடாது."

எதனால் என்று தெரியாத ஒன்றில்தான் நாங்கள் இவ்வளவு நேரம் உட்கார்ந்து வந்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிளைகள் முறிய வண்டியை மெல்லப் பின்னால் எடுத்து, மண் ஓரத்தில் சமமான இடமாகப் பார்த்து நிறுத்தினாள். இருக்கைக்கு அடியிலிருந்து கோன் நூலையும் ஸ்கேலையும் எடுத்தாள். பின்பக்கம் நூலை நான் பிடித்தேன். என் விரல் நடுங்கியதில் நூல் முழுவதும் நடுங்கியது. "ஆடாதம்மா" என்றாள். முழங்கையை டயரில் ஊன்றிக்கொண்டு பிடித்தேன். ஒரு பக்கம் அளந்தாள், மறுபக்கம் அளந்தாள், திரும்பவும் முதல் பக்கம் வந்தாள்.

"வெளிய பாக்குதும்மா. ரெண்டு சக்கரமும். நேத்து இப்படி இல்ல."

நாலடி தள்ளி நின்று வண்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்கே தெரிந்தது: மூக்கு தரையை முகர்கிற மாதிரி குனிந்திருந்தது.

முன்மூடியின் இரண்டு வார்களையும் அவிழ்த்துத் தூக்கினாள்.

உள்ளே ஒரு சாக்கு நிறையத் தேங்காய். அதன் மேல் ஒரு தார் வாழைக்காய். சந்தெல்லாம் முருங்கைக்காய். உரசிப் பெயிண்ட் கெட்டுவிடக்கூடாது என்று சுற்றிலும் வைக்கோல் வேறு திணித்திருந்தது. நாங்கள் கன்றுக்குட்டி பார்த்த நேரத்தில் நடந்த வேலை அது.

இருவரும் இறக்கினோம். சாக்கைத் தூக்க முடியவில்லை. அவிழ்த்துத் தேங்காயை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் வைத்தோம். இறக்க இறக்க மூக்கு மேலே வந்தது. ஸ்பிரிங் கிறீச்சென்றது. எங்கள் கனத்துக்குப் பதிலாக அந்தத் தேங்காய்களையே இருக்கைகளில் அள்ளிப் போட்டு, மறுபடி நூல் கட்டி அளந்தாள். சக்கரங்கள் துளி உள்ளே பார்த்து நின்றன, முந்தின நாள் அவள் எனக்காக வைத்தபடியே.

ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டு அப்போதுதான் அழுதாள். என் தோளில் முகத்தை வைத்து, சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழுததைப் போல. நான் அழவில்லை. எதிர்ப்பக்கம் போகும் ஒவ்வொரு பஸ்ஸையும் அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு மொபெட் திணறிக்கொண்டு வந்தது. ஓட்டியவர் நாத்தனாரின் கணவர். பின்னால் அவள், மடியில் ஒரு தூக்குவாளியோடு. தூக்குவாளியில் வெண்ணெய், எங்களுக்கென்று காலையில் கடைந்தது, கொடுக்க மறந்து, பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். இறங்கினாள். மண் ஓரத்தில் கிடந்த தேங்காயைப் பார்த்தாள், வாழைத்தாரைப் பார்த்தாள், எங்கள் இருவரையும் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"ஏனம்மணி, வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? இப்பிடி ரோட்டோரத்துல கொண்டாந்து கொட்டறதுக்கா ஆளு வெச்சு ஏத்துனேன்?" என்றாள். பிறகு தூக்குவாளியை என் கையில் திணித்தாள். "செரி உடு. இந்த வெண்ணெயையாச்சும் மடியில வெச்சுக்கிட்டுப் போ. முன்னாடி வெச்சறாத, வெயிலுக்கு உருகிப்போகும்."