விருந்தாளிக்கு வாங்கிய கலர்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எங்கள் வீட்டுக்கும் மார்கரெட் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். ஆனாலும், "நாளை நாலு மணிக்கு வரலாமா?" என்று கைப்பேசியில் கேட்டுவிட்டுத்தான் வருவாள். ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவள்தான். குடிவந்த புதிதில், கிறிஸ்துமஸ் அன்று ஆட்டுக்கறிக் குழம்போடு சொல்லாமல் போய் அவள் கதவைத் தட்டினேன். திறந்தவள் பதறிப்போய், "என்ன ஆயிற்று? யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றாள். குழம்பு என்று சொன்ன பிறகும் நம்பாமல் என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

அதிலிருந்து நானும் கேட்டுக்கொண்டு போகப் பழகினேன். இப்போது எங்கள் சபையின் விருந்தோம்பல் குழுவுக்கே நான்தான் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களை யார், எந்தக் கிழமை சாப்பிடக் கூப்பிடுவது என்று ஏற்பாடு செய்கிறேன். அன்பான மனிதர்கள், குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

சிவகாசியில் எங்களுக்கு அப்படி ஒரு குழு கிடையாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக என் தோழி ஜெபமணி வீட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன். அவள் அம்மா எஸ்தர் அத்தை வாரமெல்லாம் பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவர். ஓய்வு அந்த ஒரு நாள்தான். அன்றைக்கும் யார் வருவார்கள் என்று தெரியாமலே கூட ஓர் உழக்கு அரிசி போடுவார். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார், தட்டை வைத்துவிடுவார்.

போன மாதம் எஸ்தர் அத்தை இறந்துபோனார். விடுமுறை கிடைத்து ஊருக்கு வந்ததும் ஜெபமணிக்குப் போன் செய்தேன்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்தா உனக்குத் தோதுப்படுமா?"

"வாங்க," என்றாள். "வாங்க"வாம்! என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்.

மறுநாள் போனபோது பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கடையில் வாங்கிய கலர் சோடாவைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றித் தட்டில் வைத்து நீட்டினாள். எங்கள் பக்கம் கலர் என்பது பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் ஆபீசர்களுக்கும் கொடுப்பது. அத்தையோடு இந்த வீடும் எனக்கு இல்லாமல் போய்விட்டதோ என்று பயந்தேன்.

"என்ன ஜெபா, எனக்குப் போயி கலரு?"

"பின்ன? துக்க வீட்டுக்கு டைம் கேட்டு வாரவுகளுக்கு வேற என்னத்தக் குடுக்க? அம்மா செத்தப்ப ஊரே கேக்காமத்தான வந்துச்சு. நீ ஊருக்கு வந்ததும் நேரா அடுப்படில வந்து நிப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ என்னன்னா..."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தேன். நேற்றைய குழம்பு கொஞ்சம் கிடந்தது. நானே தட்டெடுத்துச் சோறு போட்டேன். நிலைப்படியில் நின்று பார்த்த ஜெபமணி அழுதுகொண்டே சிரித்தாள்.

"அம்புட்டுப் பசியா? இருடி, அப்பளம் பொரிக்கேன்."

பொரித்துவிட்டுத் தனக்கும் ஒரு தட்டு எடுத்தாள். நான் தரையில் உட்காரப் போனேன். லீட்ஸ் குளிரில் இறுகிய முழங்கால் மடங்க மறுத்தது. அவள் கூடத்துக்குப் போய் அந்த நாற்காலியைத் தூக்கிவந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள். அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். அவள் தட்டு தரையில் இருந்தது. என் தட்டு மடியில்.