வார்த்தையில்லாத அடி

மைக்செட் வைத்திருப்பவனுக்குத் திமிர் கொஞ்சம் அதிகம். குன்னம் பக்கத்து விசேஷங்களில் ஊர் எதைக் கேட்க வேண்டும் என்று நான்தான் தீர்மானித்தேன். துபாயிலிருந்து வந்த லெப்பைக்குடிகாட்டுக் கூட்டாளி ஒரு சிடி கொடுத்து, "ஹவுஸ் மியூசிக்கு. அங்க டிஜேக்கள்லாம் இதத்தான் போடுறாங்க. பாட்டே கெடையாது, வெறும் அடிதான்" என்றான்.

மறுநாள் காலை ஒரு காதுகுத்தில் அதைப் போட்டேன். குழாய் ஸ்பீக்கரிலிருந்து ஒரே சீரான அடி சோளக்காடு தாண்டிப் போனது. எங்கள் பக்கம் பாட்டில்லாமல் கொட்டு மட்டும் கேட்டால் அது சாவு வீடு. தெரிந்த விஷயம்தான், அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அந்த வீட்டுப் பெரியவர் மாதக்கணக்காகப் படுத்த படுக்கை. விசேஷம் பார்க்கட்டும் என்று கட்டிலோடு தூக்கிவந்து என் பக்கத்தில் போட்டிருந்தார்கள். வரிசைத் தட்டோடு பக்கத்து ஊரிலிருந்து நடந்துவந்த அவருடைய தங்கை, வழியிலேயே அந்த அடியைக் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, போயிட்டியே" என்று தலையை விரித்துப்போட்டு மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் தட்டேந்திய பெண்களும் ஒப்பாரி வைத்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிளேயரை நிறுத்தப் போன என் கையைப் பெரியவர் எட்டிப் பிடித்தார்.

"நிறுத்தாதப்பா. யாரு அழுவுறா, யாரு அழுவலன்னு பாத்துக்கறேன்."

அந்த எலும்புக் கையின் பிடி தளரவேயில்லை. அவர் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்.