சோப்புப் பெட்டிக் கட்டில்

“…கையில விசாவ வச்சுக்கிட்டு மண்ணு பெசையுற ஆள நான் இப்பத்தான்டா பார்க்குறேன். அவனவன் ஒரு விசாவுக்கு ஏசண்டு வாசல்ல நாள் முச்சூடும் நிக்கிறான். நீ என்னடான்னா, புள்ளையோட புள்ளையா உக்காந்து வீடு கட்டி வெளையாடுற!”

இந்த ஏச்சை வாங்கிக்கொண்டிருந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், முழங்கை வரை களிமண்ணோடு குத்தவைத்திருந்தார். அம்மா மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, “அக்கா, பழைய தலகாணி பஞ்சு கொஞ்சம் இருந்தா தாங்களேன். காயக் காய மண்ணு வெடிக்குது” என்றார்.

அம்மா பஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் அம்மா அப்படித்தான். வாய் ஒரு வேலை பார்க்கும், கை ஒரு வேலை பார்க்கும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

நாங்கள் செய்தது வீடு கட்டும் விளையாட்டு இல்லை என்பதை அம்மாவுக்கு விளக்க யாராலும் முடியவில்லை. அது என் பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கான மாதிரி. வகுப்பில் பாதிப் பேர் எரிமலை செய்தார்கள், மீதிப் பேர் மழைநீர் சேகரிப்பு. டீச்சர் என்னைக் கேட்டபோது, “எங்க அத்தா வேலை பாக்குற ஊரு” என்று வாய் முந்திக்கொண்டுவிட்டது. சொன்ன பிறகுதான் அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை என்பது உறைத்தது. அத்தாவையே, பெற்ற அப்பாவையே, நான் அதிகம் பார்த்ததில்லை. வளைகுடாவிலிருந்து லீவில் வருவார். நான் கூச்சம் விட்டுப் பேசத் தொடங்கும்போது அவருக்கு டிக்கெட் போட்டிருப்பார்கள். அந்த ஊரைப் பற்றி என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் ஒரு கலர் போட்டோ. கண்ணாடிக் கட்டடம் ஒன்று வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்க, அதற்கு முன்னால் அத்தா கறுப்புக் கண்ணாடி போட்டு, ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்திருப்பார்.

ஆனால் கதாநாயகன் தயாராக இருந்தான். ஊருக்கு வந்த ஒருவர் வழியாக அத்தா கொடுத்துவிட்ட சாமானில், தைலத்துக்கும் சோப்புக்கும் நடுவே, எனக்கென்று ஒரு பட்டாளத்தான் பொம்மை இருந்தது. முழங்கையும் முட்டியும் மடங்கும். பெட்டி எடை போட்டு, கட்டி, உருண்டு வந்ததில் ஒரு கை முறிந்துபோயிருந்தது. பொட்டப்புள்ளைக்குத் துப்பாக்கிக்காரன் பொம்மையா என்று தெருவே சிரித்தது. அந்த ஒற்றைக்கையனைத்தான் நான் அத்தாவாக்கத் தீர்மானித்தேன்.

துப்பாக்கியை ரம்பத்தால் அறுத்தெடுத்தவர் மாமா. முறிந்த கைக்குச் சைக்கிள் கம்பியை வளைத்துச் சொருகி, அதன்மேல் நூலைச் சுற்றி, மண் பூசி, பெயிண்ட் அடித்தார். தலைக்கு இருமல் மருந்தின் அளவு மூடி; மஞ்சள் அடித்ததும் அசல் வேலைத்தொப்பி. பட்டாளத்தானுக்கு வயிறு கட்டுக்கட்டாக இறுகிக் கிடந்தது. அத்தாவுக்கு அப்படி இல்லையே என்று நான் ஒரு உருண்டை மண்ணை அப்பித் தொப்பை வைத்தேன். மாமா பார்த்தார்.

“கொறச்சுருடீ. மச்சானுக்கு இப்ப அம்புட்டு இல்ல.”

சரி என்று வழித்தெடுத்தேன். ஊரில் யாருக்குத் தொப்பை குறைந்தாலும் நல்லதுதானே.

மண்ணில் மனுசர்கள் செய்வதற்கு அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வீட்டில் உருவம் செய்வது அவளுக்கு ஒப்பாது. நாளைக்கு அல்லா இதுக்கு உசுரையும் குடுன்னு கேட்டா நீ எங்குட்டுப் போவ என்று கேட்டாள். கடைசியில், கண்ணும் மூக்கும் வைக்காமல் செய்துகொள்ளலாம் என்று ஒரு வழி பிறந்தது. பிளாஸ்டிக் பொம்மைக்கு முகம் இருக்கிறதே என்றேன். “அது எவனோ வச்ச மூஞ்சி. அவன் பதில் சொல்லிக்கிருவான்” என்று முடித்துவிட்டாள். அதனால் எங்கள் வெளிநாட்டில் அத்தா ஒருவருக்குத்தான் முகம் இருந்தது. மற்ற சனம் எல்லாம் மொழுக்கையாக நடமாடியது.

கல்லல் போகும் ரோட்டில் மாமாவின் கூட்டாளி ஒருவர் பைக் பட்டறை வைத்திருந்தார். ஊருக்கு வந்ததிலிருந்து மாமாவின் பகல் எல்லாம் அங்கேதான். சாயங்காலம் சைக்கிளில் ஒரு சாக்குப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். கொட்டினால் தேய்ந்த செயின், கறுத்த பிளக்கு, இரும்புக் குண்டுகள், உடைந்த சைடு கண்ணாடி. செயினும் கம்பியும் சேர்ந்து கிரேன் ஆயிற்று. பவுடர் டப்பாக்களை அடுக்கி மண் பூசிக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தோம், கட்டடம் எழும்பியது. செத்துப்போன ரேடியோவுக்குள் இருந்த பச்சைத் தகடு ஊரின் வீதிகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஆத்தங்குடித் தரைக்கல், மூலை உடைந்தது. மண் வெடித்த இடங்களில் பஞ்சு கலந்து மறுபடி பூசி, ஈரச் சாக்கைப் போர்த்தி நிழலில் காயவைக்க மாமாதான் சொல்லிக்கொடுத்தார்.

போட்டோவைப் பார்த்து வெள்ளைக் காரையும் செய்தேன். மாமா சிரித்துவிட்டார்.

“அது எவன் காரோ! போட்டோ எடுக்கையில அவன் வந்து வெரட்டுனான். மச்சான் தொப்பியக்கூட விட்டுட்டு ஓடியாந்தாக.”

அத்தா ஓடுவார் என்பதே எனக்குப் புதிய சேதி.

இப்படி எல்லாம் சிரித்துப் பேசுகிற மாமா, விசா பேச்சு வந்தால் மட்டும் ஊமையாகிவிடுவார். அத்தாவோடு ஒரே கம்பெனியில், ஒரே அறையில் இருந்தவர்தான் அவரும். லீவில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. போகலாம், போகலாம் என்று நாளைக் கடத்தினார். பழைய விசா செத்துவிட்டது. அம்மா அத்தாவைப் போனில் குடைந்து, அத்தா யார் யாரையோ பிடித்து, இப்போது புது விசா வந்திருந்தது. வெள்ளிக்கிழமை அத்தா போன் செய்யும்போது பதில் சொல்லியாக வேண்டும். நீ சொன்னாலும் சொல்லாட்டியும் வர்றான்னுதான் நான் சொல்லப்போறேன் என்று அம்மா அறிவித்துவிட்டாள். அவருக்குப் போக விருப்பமில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஏன் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டார். தெருப் பையன்கள் கேட்டால் கட்டடங்களைப் பற்றிச் சொல்லுவார். அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும் என்பார். திரும்பி வருகிற எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். சபுரு என்று கடல் கடந்து போய் வந்தவர்கள் வாயில் அந்தக் கட்டடங்களைத் தவிர வேறொன்றும் வராது.

எனக்கு அவர் இருந்தால் போதும். குறைந்தபட்சம் கண்காட்சி வரைக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு குறை தெரிந்தது. “மாமா, அத்தா தூங்குறதுக்கு ரூம்பு வைக்கலையே?” கட்டடத்தின் உச்சி மாடியில் வைக்கலாம் என்பது என் யோசனை. ஸ்பாஞ்சில் மெத்தையும் ரிப்பனில் திரைச்சீலையும் வெட்டிவைத்திருந்தேன்.

மாமா கையைக் கழுவினார். கழுவிவிட்டு வந்து மறுபடியும் மண்ணிலேயே கை வைத்தார். பிறகு, “சோப்பு அட்டைப்பெட்டி கெடைக்குமாடீ?” என்றார்.

அந்தப் பெட்டிகளை அம்மா தூக்கிப்போட மாட்டாள். வெளிநாட்டு சோப்பு தீர்ந்தாலும் வாசம் இருக்கிறதே என்று பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்திருப்பாள். நான் அத்தனையையும் உருவிக்கொண்டு வந்தேன். மாமா ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தார். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று. அதற்கு எதிரே மூன்று. நான்கு மூலைக்கும் கம்பி. இரண்டு அடுக்கையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இறக்கினார். நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். குறுக்கே நூல் கட்டி, அதில் துணித்துண்டுகளைக் காயப்போட்டார். கதவோரம் மண்ணில் ஒரு சட்டி. அவ்வளவுதான்.

“இது நல்லாவே இல்ல மாமா.”

“கட்டடத்துக்குப் பின்னால, அங்குட்டுத் தள்ளி வை. ரூம்பெல்லாம் ஊருக்கு வெளியதான்.”

“அளவும் தப்பு. அத்தா இதுல படுத்தா காலு வெளிய நிக்கும்.”

“அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். அளவு தெரியாத மனுசனிடம் வேலையைக் கொடுத்துவிட்டோமே என்று நான் கவலைப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ஜும்மாத் தொழுகை முடிந்து, மாமா வந்து, சாப்பாடும் முடிந்தது. அம்மா ஏதோ எடுக்கப் பீரோவைத் திறந்திருக்கிறாள். அடுத்த நிமிடம் கொல்லைக்கே வந்துவிட்டாள்.

“என் சோப்புப் பெட்டிய எல்லாம் எவடீ எடுத்தது?” எடுத்தவை கண்ணெதிரே நின்றன. “இது என்னது, கோழிக்கூடா?”

எனக்கு இதுதான் ஒத்திகை. கையைக் கட்டிக்கொண்டு, கண்காட்சிக்கு மனப்பாடம் செய்ததைப் பாடினேன். “இது எங்க அத்தா வேலை பார்க்கும் ஊர். இது கட்டடம். இது கிரேன். இது எங்க அத்தா தங்கியிருக்கும் அறை. இதில் ஆறு பேர் இருக்கிறார்கள்.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தாள். “புள்ளைக்குக் கதை சொல்லிக் குடுத்தியாடா?”

“கதையில்லக்கா.”

“இம்புட்டுதானா ரூம்பு?”

“இம்புட்டுதான்.”

“மூணு வருசம் இருந்துட்டு வந்தியே, ஒரு நாளாச்சும் சொன்னியாடா?”

“மச்சான் சொல்ல வேணாமுன்னாக.” பிஸ்கட் டின்னை நேராக்கி வைத்துவிட்டு, “சொல்லுறதுக்கும் ஒண்ணும் இல்லக்கா” என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். “மச்சான் எதுல?”

மாமா மேல்தட்டைக் காட்டினார். அம்மா கட்டடத்து உச்சியில் நின்ற அத்தாவை எடுத்து, மேல் பெட்டிக்குள் படுக்கவைத்தாள். நான் சொன்னது போலவே கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நான் வெற்றியோடு மாமாவைப் பார்த்தேன். மாமா கையை நீட்டி, பொம்மையின் இரண்டு முட்டியையும் மடக்கி, ஒருக்களித்துத் திருப்பி உள்ளே தள்ளினார். கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

“இப்படித்தான்க்கா” என்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே போன் அடித்தது. அம்மா ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். அத்தாவிடம் கண்காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. அம்மா ரிசீவரை என்னிடம் தரவில்லை. வழக்கமாகக் கூரை ஒழுகுவதிலிருந்து தொடங்குகிறவள், அன்று எதுவும் தொடங்கவில்லை.

“ம்… இருக்கோம்… அவனா? அவன் வரல… இல்ல, அவன் ஒண்ணும் சொல்லல. நாந்தான் வேணாங்குறேன்… என்ன ஆனா என்ன, இங்ஙனயே ஏதாச்சும் பொழச்சுக்கிருவான்.” அப்புறம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “உங்களுக்கு முட்டி வலின்னீகளே, இப்ப எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டாள். அங்கிருந்து என்ன பதில் வந்ததோ, “சிரிக்காதீக” என்றாள்.

என் வரையில் அன்று நடந்தது நல்ல சேதிதான். மாமா போகவில்லை. அத்தா அதற்குப் பிறகும் பல வருசம் அங்கே இருந்தார். ஒருவர் இங்கே நிற்க ஒருவர் அங்கே இருந்தாக வேண்டியிருந்தது என்ற கணக்கெல்லாம் எனக்கு அப்போது எட்டவில்லை. இவ்வளவு பாடுபட்டு வந்த விசாவை அம்மா ஏன் ஒரே வார்த்தையில் விட்டாள் என்றும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு இருந்த ஒரே விசாரம், மறுநாள் காலையில் அந்தக் கனத்த கல்லை யார் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிவருவார்கள் என்பதுதான்.

அதைக் கேட்கத்தான் கொல்லைக்குப் போனேன். எனக்கு முன்பே அம்மா அங்கே வந்து, துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். சோப்புப் பெட்டியிலிருந்து பொம்மையை வெளியே எடுத்திருந்தாள். முறித்துவிட்டாளோ என்று பதறி, “அம்மா, கால நோண்டாதீங்கம்மா, பெயிண்ட் போயிரும்” என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. பொம்மையை மடியில் மல்லாக்கப் போட்டு, ஒவ்வொரு காலாக நீட்டிவிட்டு, அதன் முட்டிகளைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தாள்.