ராட்டினத்து உச்சியிலிருந்து லைட்டவுஸ் தெரியுமா?

கைக்குழந்தைக்காரி பொருட்காட்சிக்குப் போனால் பொருட்காட்சியைப் பார்க்க முடியாது. பார்க்கிறவர்களைப் பார்த்து வயிறெரியலாம், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கும் இப்போது இருக்கிறவர்களுக்கும் நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், என் மூத்தவன் பாபு ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது, பழவேற்காட்டுப் பக்கத்து எங்கள் குப்பத்திலிருந்து மெட்ராஸ் பொருட்காட்சிக்கு ஒரு நாள் போய் வந்தேன். அந்த ஒரு நாளில் யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். உங்கள் எரிச்சலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு லைட்டவுஸ்

எல்லாம் மல்லிகாவால் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு முந்தின வருஷமே, இடுப்பில் ஐந்து மாதப் பெண்ணோடு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு பொருட்காட்சிக்குப் போய் வந்தவள். நான் அப்போது மாசமாக இருந்தேன். வாந்தி எடுத்துக்கொண்டே அவள் கதையைக் கேட்டேன். ராட்டினம் உச்சிக்குப் போனதும் மெட்ராஸ் முழுக்கக் காலடியில் கிடந்ததாம். அதையும் தாண்டி, வடக்கே கடலோரமாக, நம்மூர் லைட்டவுஸ் குச்சி மாதிரி தெரிந்ததாம்.

அன்றிலிருந்து மீன் கூடை இறக்கும்போதும் லைட்டவுஸ், அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போதும் லைட்டவுஸ். அவ்வளவு தூரம் தெரியவே தெரியாது என்று எனக்குப் பட்டது. ஆனால் ஏறிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? ஒரே ஒருமுறை ஏறி, வடக்கே நன்றாகப் பார்த்துவிட்டு வந்து, "நீ சொன்னது பொய்" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். நான் சந்தேகமாக ஒரு 'உம்' போட்டால் போதும், அவளிடம் பதில் தயாராக இருக்கும்.

"ராட்டினம் ஏறாதவளுக்கு இன்னா சொன்னாலும் வெளங்காது, வுடு."

தீக்குச்சிப் பாடு

பொங்கல் கழித்துக் கிளம்பினோம். நான், பாபு, வீட்டுக்காரர், என் நாத்தனார் கௌரி. படகில் ஏரியைக் கடந்து, பஸ்ஸில் பொன்னேரி போய், அங்கிருந்து ரயில். ரயிலில்தான் அந்தக் கேள்வி வந்தது. மற்றவர்கள் சுற்றும்போது குழந்தையை யார் வைத்துக்கொள்வது?

எங்கள் ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களுக்குப் பாடு உண்டு. யார் எந்த நாள் அங்கே வலை போடலாம் என்று ஆண்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். உன் நாளில் காற்று மாறினாலும் வலை காலியாக வந்தாலும் போனது போனதுதான். அடுத்தவன் நாளைக் கேட்க முடியாது. பெண்களுக்குப் பாடு கிடையாது. வீட்டுக்காரர் அன்றைக்குப் பெரிய மனசு பண்ணி எங்களுக்கும் பாடு கொடுத்தார். மூன்று தீக்குச்சிகளை ஒடித்துக் கையில் மறைத்து நீட்டினார். காலையில் குழந்தை என் பாடு, மத்தியானம் அவர் பாடு, சாயங்காலம் கௌரி பாடு என்று விழுந்தது. வந்ததும் வராததுமாக நான்தான் உட்கார வேண்டுமா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் தீக்குச்சிகளை ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

"பாடு வுழுந்தா வுழுந்ததுதான். ஏரியில எவனாவது மூஞ்சத் தூக்கி வச்சிக்கிறானா?"

கூரை வைத்த வண்டி

அவர்கள் இருவரும் குட்டி ரயிலுக்கும் மரணக் கிணற்றுக்கும் போய்விட்டார்கள். நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். பாபு, என் புது நைலக்ஸ் புடவையில் ரோஜாப்பூ இருந்த இடமாகப் பார்த்து வயிற்றைக் காலி செய்தான். கழுவிக்கொண்டு வந்தால், பக்கத்தில் ஒரு மெட்ராஸ்காரப் பெண். அவள் குழந்தைக்குத் தள்ளுவண்டி இருந்தது. வண்டிக்குக் கூரை இருந்தது. பால் பாட்டில் இருந்தது. பாட்டிலைப் பிடித்துக்கொள்ளப் புருஷன் இருந்தார். குழந்தை குடித்து முடித்துத் தானாகத் தூங்கிப்போனது. எனக்கு எல்லாவற்றையும்விட அந்தக் கூரையைப் பார்த்துத்தான் ஆத்திரமாக வந்தது. என் பிள்ளைக்கு முந்தானைதான் கூரை, அதுவும் ஈரம்.

அந்த நேரம் பார்த்துப் பாபு வீறிட்டான். போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண் மட்டும் கண் எடுக்காமல் அவனையே பார்த்தாள்.

"உங்க பையன் என்ன ஜோரா அழறான்! எங்களுது அழறதே இல்லைங்க, டாக்டர்கிட்ட கூட காட்டிட்டோம்."

வரிசையில் என் இடம்

மத்தியானம் வீட்டுக்காரர் பாடு. குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ராட்டின வரிசையில் போய் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு முன்னால் ஒரு குடும்பம்தான் பாக்கி என்னும்போது தோளில் ஒரு தட்டு. பாபு அவர் சட்டையைச் சப்பிக்கொண்டு கத்துகிறான். "உன் பாடுதானே, நீயே பாத்துக்கய்யா" என்றேன். "பாடு என்னுதுதான், பாலு உன்னுதாச்சே" என்றார். வரிசை மொத்தமும் சிரித்தது. என் இடத்தில் கௌரியை நிற்க வைத்துவிட்டு, ஒரு கூடாரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பால் கொடுத்தேன்.

அங்கிருந்து பார்த்தால் ராட்டினம் தெரிந்தது. கௌரி, என் இடத்தில் நின்று, எனக்கு வர வேண்டிய பெட்டியில் ஏறி, மேலே போவதைப் பார்த்தேன். கூடப் பிறந்தவளாக இருந்தாலும் அந்த நிமிஷம் மன்னித்திருக்க மாட்டேன். இறங்கி வந்தவளிடம், வடக்கே என்ன தெரிந்தது என்று மூச்சு விடாமல் கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன் அண்ணி, ஏறினதுலேர்ந்து கண்ண இறுக்கி மூடிக்கினேன்."

வளையல் கடை

சாயங்காலம் கௌரி பாடு. அதுவரை என்னிடம் கத்தியவன் அவள் இடுப்புக்குப் போனதும் கையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தான். அவள் மூக்கைப் பிடித்தான், ஜடையை இழுத்தான், எதிரே வந்தவர்களுக்கெல்லாம் பொக்கை வாயைக் காட்டினான். இந்தச் சிரிப்பை எனக்குக் காட்டினால் குறைந்தா போய்விடுவான்? வளையல் கடையில் இருவரும் கையை நீட்டினோம். கௌரி மடிப்புக் கலையாத புடவையில் இருந்தாள். நான் காய்ந்த கறையோடும் கலைந்த தலையோடும் பையைச் சுமந்துகொண்டு நின்றேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு என் கையை ஒதுக்கினார்.

"கொழந்தயோட அம்மாவுக்கு மொதல்ல போட்டுர்றேன், ஆயா நீ கொஞ்சம் இரு."

உச்சியில்

அந்தக் கோபத்தோடுதான் ராட்டினம் ஏறினேன். பக்கத்தில் வீட்டுக்காரர். வெளிச்சம் நன்றாக இருந்தது. ஏறும்போதே வடக்கு எந்தப் பக்கம் என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். பெட்டி மெல்ல மேலே போனது. ஒரு வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தான். குழந்தை எங்கே என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வடக்கே திரும்பலாம் என்று கீழே குனிந்தேன்.

கீழே கௌரி நின்றிருந்தாள். பாபு அவள் தோளில் தலையைச் சாய்த்திருந்தான். அழவில்லை. என்னைத் தேடவில்லை. அவன் அழுதிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கௌரி அவன் காதில் என்னவோ சொல்ல, அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அன்றைக்குப் பட்ட பொறாமையெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது. ராட்டினம் சுற்றியது, உச்சிக்குப் போனது, இறங்கியது, மறுபடி உச்சிக்குப் போனது. நான் அந்தச் சின்ன மொட்டைத் தலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கீழே வரும்போதெல்லாம், "நிறுத்துங்க, நான் எறங்கணும்" என்று கத்தினேன். ராட்டினக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"யம்மா, இது இன்னா டவுன் பஸ்ஸா, கேட்ட எடத்துல நிறுத்தறதுக்கு?"

கரையில்

இறங்கியதும் ஓடிப்போய்க் குழந்தையைப் பிடுங்கினேன். பொன்னேரி வந்து பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வடக்கே பார்க்க மறந்தது ஞாபகம் வந்தது. படகு எங்கள் கரையைத் தொட்டபோது, குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேரோடு மல்லிகா நின்றிருந்தாள். இடுப்பில் அவள் பெண். "இன்னாடி, ஏறினியா? லைட்டவுஸ் தெரிஞ்சுதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பார்க்கவே இல்லை என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

"தெரிஞ்சுது. குச்சி மாதிரி" என்றேன். அவள் ஜெயித்த முகத்தோடு மற்றவர்களைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். மாறாக, அவள் முகம் எப்படியோ ஆனது. பெண்கள் கலைந்து போகும்வரை காத்திருந்து என் பக்கத்தில் வந்தாள். தன் பெண்ணை இடுப்பில் மேலே ஏற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நெஜமாவே தெரிஞ்சுதாடி? நான் ஏறினப்ப இவ கீழ எங்க மாமியா கையில சிரிச்சிக்கினு இருந்தா, நான் எங்க வடக்கால பாத்தேன்!"

இன்றுவரை எங்கள் குப்பத்திலிருந்து ராட்டினம் ஏறிய கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் லைட்டவுஸைப் பார்த்திருக்கிறோம், ஒருத்தியும் வடக்கே திரும்பியதில்லை.