ராத்திரி மாத்திரை

விழுப்புரம் கோர்ட்டு வராந்தாவில் ராயப்பனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தூணுக்குத் தூண் நடந்தார். வக்கீல் வெங்கடாசலம் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"உள்ள போய் வாயத் தொறக்காத. பல் செட்டு கட்டறதுதான் தொழிலு, பல்லு புடுங்கறதில்ல. அவ்ளோதான் நம்ம கேசு. புரியுதா?"

"புரியுதுங்க."

"அப்புறம் ஏன் எழுந்துக்கினே இருக்க?"

ராயப்பன் திண்டிவனத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. புதுச்சேரியில் ஒரு பல் டாக்டரிடம் செட்டு கட்டக் கற்றவர், டாக்டர் பல் பிடுங்குவதையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். பிறகு விழுப்புரம் பஸ் நிலையத்தருகே ஒரு நாற்காலி, வாசலில் 'பல் டாக்டர்' என்று பலகை. படிப்பில்லை, பதிவில்லை. கூட்டத்துக்குக் குறைவில்லை. திண்டிவனம் பஸ் கண்டக்டர்கூட அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார். ஜெயிலுக்குப் போனால் அப்புறம் என்னவென்று கூப்பிடுவார்?

செஞ்சிப் பக்கத்து ரத்னமாலாவுக்கு ஒரு மாலை கடைவாய்ப் பல்லை எடுத்தார். சில நாளில் தாடை வீங்கி, ஆஸ்பத்திரியில் கத்தி வைக்கும்படி ஆயிற்று. கணவர் ஜினதாஸ் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

கூண்டில் நின்ற ரத்னமாலாவிடம் அரசு வக்கீல் கேட்டார்.

"மாத்திரை குடுத்தாரா?"

"குடுத்தாரு. ராத்திரி சாப்ட்டுட்டுப் போடச் சொன்னாரு."

"போட்டீங்களா?"

"எப்படிப் போடறது? நாங்க ஜைனருங்க. பொழுது போனா பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டோம்."

ராயப்பன் துள்ளி எழுந்தார்.

"என்னம்மா நீங்க! அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா காலையில போடச் சொல்லியிருப்பேனே! பல்ல சுத்தமாத்தாம்மா எடுத்தேன், வேர்கூட ஒடையல!"

வெங்கடாசலம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆக, எடுத்தது நீங்கதான்," என்றார் மாஜிஸ்திரேட். "ராத்திரி சாப்பிடுவாங்களான்னு கேட்டீங்களா?"

"எங்கூட்ல ராத்திரிதாங்க ஐயா அடுப்பே எரியும். சாப்பிடாதவங்க இருப்பாங்கன்னு தோணலீங்க."

அதற்குமேல் குற்றத்தை ஒப்புக்கொள்வதைத் தவிர வக்கீலுக்கும் வழியில்லை. அபராதம், கோர்ட்டு கலையும்வரை காவல். பலகையைக் கழற்ற வேண்டும், இனி யார் வாயிலும் கை வைக்கக் கூடாது.

ராயப்பன் உட்கார்ந்தார், எழுந்தார்.

"உக்காருய்யா, பேஜாரு பண்ணாத," என்றார் போலீஸ்காரர்.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஜினதாஸும் ரத்னமாலாவும் சூரியனைப் பார்த்துப் பார்த்து அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராயப்பன் பல் எடுத்தது வலப்பக்கம். அந்த அம்மாள் இடப்பக்கத்தில் வைத்து மெல்லவும் தயங்கினாள். அங்கேயும் ஒன்று ஆடுகிறதோ? ராயப்பனின் கை தானாக எழுந்தது. போலீஸ்காரர் திரும்பிப் பார்த்ததும் அதைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.